முதல் வீட்டுக்காரி

ரோட்டர்டாமில் பாதி ஆயுளை டிராம் ஓட்டியே கழித்த மார்காவுக்கு, ஐம்பத்தாறு வயதில் நகரம் அலுத்துப்போனது. மகன் கனடாவில் குடியேறிவிட்டான். கணவர் அதற்கு வெகு முன்பே இன்னொருத்தியோடு இரண்டு தெரு தள்ளிப் போய்விட்டார். ஃப்ளாட்டை விற்றுவிட்டு, கிழக்கே ஜெர்மனி எல்லையை ஒட்டிய ஆக்டெர்ஹூக் பக்கம் ஒரு வீடு தேடினாள். அங்கே கிராமத்துப் பஸ் ஓட்ட வாரத்தில் சில நாள் வேலையும் சொல்லிவைத்திருந்தாள்.

மெட்டெலோ என்ற ஊரில் அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. சிவப்புச் செங்கல் சுவர், பச்சை ஜன்னல் கதவுகள், பின்னால் நாலைந்து பேரி மரங்கள், அதற்கப்பால் ஓக் மரங்கள் காவல் நிற்கும் மேய்ச்சல் நிலம். விற்பவர்கள் ஹெர்மன், டீன் என்ற அண்ணனும் தங்கையும். அம்மா இறந்துபோனதால் வீட்டை விற்க வந்திருந்தார்கள். தரகர் கூரையைப் பற்றியும் கொதிகலனைப் பற்றியும் பேசிக்கொண்டே போக, டீன் மட்டும் சமையலறையில் சாய்ந்து நின்று மார்காவை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில சீக்கிரம் எந்திரிப்பீங்களா?"

"டிராம் ஓட்டுனவ நான். கோழிக்கு முன்னாடி முழிச்சுடுவேன்."

"கறுப்புக் கோட்டு இருக்குதுங்களா?"

தனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று மார்கா நினைத்தாள். இந்தப் பக்கத்து ஆட்கள் பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடுவார்கள்.

"கோட்டா?"

"ஆமா. கறுப்பு. நல்லதா."

"இருக்கு. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்," என்று டீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இங்கே வீடு கேட்பவர்கள் ஆளாளுக்கு ஒரு விலை எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்தவர் என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. மார்கா தன்னால் முடிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு, கிடைக்காது என்று மனதைத் தேற்றியும் கொண்டாள். ஆனால் தரகரிடமிருந்து போன் வந்தது.

"வீடு உங்களுக்குத்தாங்க. எனக்கே ஆச்சரியம். உங்களைவிட அதிகமாக் கேட்டவங்க இருந்தாங்க."

"அப்புறம் எனக்கு எதுக்குக் குடுக்கறாங்க?"

"கேட்டுப் பார்த்தேன். 'அந்தம்மாதான்'னு சொன்னாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வாங்க முடியல."

கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாற சட்டம் மூன்று நாள் கொடுக்கிறது. அந்த மூன்று நாளும் மார்காவுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. குறைந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்றால் அஸ்திவாரத்தில் கோளாறா, மண்ணுக்குள் ஏதாவது விஷமா? கட்டட நிபுணர் ஒருவரை அனுப்பினாள். அவர் சுவரையெல்லாம் தட்டி, உத்திரத்தைக் குத்திப் பார்த்துவிட்டு, மழைத்தண்ணீர்க் குழாய் ஒன்றைத் தவிர எல்லாம் கல்லு மாதிரி இருக்கிறது என்றார். அதைக் கேட்ட பிறகு அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. ஆனாலும் வாங்கிவிட்டாள்.

குடிவந்த அன்று, வாசலைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டி, அதில் வெள்ளைக் காகிதப் பூக்களைச் செருகியிருந்தார்கள். முற்றத்தில் ஒரு கூட்டம் கையில் சின்னக் கோப்பைகளோடு ஜின் குடித்துக்கொண்டு நின்றது. வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டோம் என்று மார்கா வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தாள். சிவந்த முகமும் தொப்பையுமாக ஒருவர் கை காட்டி நிறுத்தினார். தெருக்கோடிப் பண்ணைக்காரர் கிராடுஸ்.

"எங்க ஓடறீங்க?"

"இங்க கல்யாணம் போல இருக்கே. யாருக்கு?"

"உங்களுக்கும் வீட்டுக்கும். உள்ள வாங்க."

"ரோட்டர்டாம்ல எல்லாரும் கத்தித்தான் பேசுவாங்களாமே," என்றாள் ஒரு பெண்.

"கத்தலேன்னா டிராம் ஓடற சத்தத்துல எவனுக்குக் கேக்கும்?" என்றாள் மார்கா. சிரிப்பு எழுந்தது. ஒரு கோப்பை அவள் கைக்கு வந்தது.

கடைசியாக எதிர்ப்பண்ணை பெரெண்ட் வந்து கை கொடுத்தார். ஒடிசலான, உயரமான மனிதர். "இனிமே நீங்கதான் எங்களுக்கு முதல் வீடு," என்றார். வீட்டு எண்ணைச் சொல்கிறார் போலிருக்கிறது என்று மார்கா தலையாட்டி வைத்தாள்.

ஊர் அமைதியாகத்தான் இருந்தது. மனிதர்கள்தான் பிடிபடவில்லை. மழைத்தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யக் கிராடுஸிடம் ஏணி கேட்டாள். "செய்யலாமே," என்றார். அன்று முழுக்கக் காத்திருந்தாள். ஏணியும் வரவில்லை, அவரும் வரவில்லை. மறுநாள் கேட்காமலேயே பெரெண்ட் ஏணியோடு வந்து, ஒரு பேச்சும் பேசாமல் குழாயை மாட்டிவிட்டுப் போனார். இந்த ஊரில் 'செய்யலாமே' என்றால் 'முடியாது' என்று அர்த்தம் என்பது பிறகுதான் புரிந்தது. பெரெண்டின் மனைவி லீடா நோயாளி. ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைப்பாள். மார்கா ஒரு நாள் பட்டாணி சூப் வைத்துக் கொண்டுபோனாள். பெரெண்ட் வாங்கி, மூடியைத் திறந்து பார்த்து, "மோசமில்ல," என்றார். அது பாராட்டா குறையா என்று தெரியாமலேயே அவள் திரும்பி வந்தாள்.

நவம்பரில் ஒரு காலை, பின்கதவு தட்டப்பட்டது. பெரெண்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லீடா போயிட்டா."

மார்கா கதவை அகலத் திறந்தாள். "உள்ள வாங்க, உக்காருங்க," என்றாள்.

"இல்ல. நீங்க பார்த்துக்குவீங்கல்ல," என்றார் அவர். தொப்பியை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போய்விட்டார்.

எதைப் பார்த்துக்கொள்வது? அடுப்பில் தண்ணீர் வைத்தாள், அணைத்தாள். அவர் பின்னால் ஓடலாமா என்று வாசல் வரை போனாள், திரும்பினாள். கடைசியில் டீனுக்குப் போன் செய்தாள்.

டீன் சொன்னாள்: "கறுப்புக் கோட்டப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க. வீடு வீடா நடந்து போய்ச் சொல்லணும். போன்ல சொல்லக் கூடாது. பெட்டி தூக்க ஆளு, மணி அடிக்க ஆளு, காப்பிக்கு ஆளு, எல்லாத்தையும் நீங்கதான் ஏற்பாடு பண்ணணும்."

"நானா? எனக்கு அந்தம்மா பேரத் தவிர ஒண்ணும் தெரியாதே."

"நீங்கதானே முதல் வீடு."

"அது வீட்டு நம்பர் இல்லையா?"

"இல்ல. ஒரு வீட்டுல சாவுன்னா முன்னால நின்னு எல்லாத்தையும் செய்யற அண்டை வீடு. எங்கம்மா செத்தப்ப பெரெண்டுதான் எல்லாத்தையும் பார்த்தாரு. நாங்க அழறத மட்டும் பார்த்துக்கிட்டோம். அந்த வீட்ட வாங்கறவங்க அவருக்கு அதச் செய்யணும்ல. வேற யாரு செய்வா?"

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

இதற்காகத்தான் வீட்டைத் தனக்குக் கொடுத்தார்களா என்று கேட்க நினைத்தாள் மார்கா. அதற்குள் டீன் போனை வைத்துவிட்டாள்.

கோட்டை மாட்டிக்கொண்டு நடந்தாள். முதலில் போன வீட்டிலேயே மாட்டிக்கொண்டாள். "அடக்கம் என்னைக்கு?" என்று கேட்டார்கள். தெரியாது. திரும்பி ஓடி பெரெண்டிடம் கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றார். யார் தூக்க வேண்டும் என்று கேட்டாள். "அது நீங்க சொல்றதுதான்," என்று ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

ஒவ்வொரு வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள், கூடவே ஒரே ஒரு பிஸ்கட். ஒவ்வொரு வீட்டிலும் பெட்டி தூக்க வருவீர்களா என்று கேட்டாள். எல்லாரும் "செய்யலாமே" என்றார்கள். அப்படியென்றால் ஒருவரும் வரமாட்டார்களே என்று பயந்தாள். ஒரு வீட்டில் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"செய்யலாம்னா வருவீங்களா, வரமாட்டீங்களா?"

அந்த வீட்டம்மா அவளை விநோதமாகப் பார்த்தாள். "சாவுக்குச் செய்யலாம்னா வருவோம். ஏணிக்குச் செய்யலாம்னாதான் வரமாட்டோம்."

பெட்டி தூக்க இன்னும் ஒரு ஆள் தேவைப்பட்டது. தெருக்கோடிக்குப் போய் கிராடுஸின் பின்கதவைத் தட்டினாள். செய்தியைக் கேட்டதும் அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமான கிண்டல் முகத்தில் இல்லை.

"பெரெண்ட் அனுப்பினானா?"

"இல்ல. நானாத்தான் வந்தேன். அடுத்து உங்க வீடு வந்துச்சு."

"எங்க ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்னு ரொம்ப வருஷமாச்சும்மா. அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு இங்க யாரும் சொல்ல வரமாட்டாங்க."

குடிவந்த அன்று இரண்டு பேரும் ஒரே முற்றத்தில் நின்றதை மார்கா நினைத்துப் பார்த்தாள். பேசிக்கொண்டார்களா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை.

"நான் தப்பா வந்துட்டேனா?"

"தப்புன்னு சொல்ல முடியாது."

"அப்ப சரியா?"

"அதையும் சொல்ல முடியாது," என்றார் கிராடுஸ். எழுந்து போய் காப்பி போட ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை கிராடுஸ் வந்தார், இறுகிப்போன பழைய கறுப்பு சூட்டில். பெட்டியின் பின்பக்க மூலையில் போய் நின்றுகொண்டார். பெரெண்ட் அவரைப் பார்த்தார். பிறகு மார்காவைப் பார்த்தார். மணி அடித்தது, பெட்டி எழுந்தது. கல்லறைத் தோட்டம் வரைக்கும் மார்கா பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஊர்க்கூடத்தில் காப்பியும் உலர்திராட்சை ரொட்டியும் பரிமாறினார்கள். பெரெண்ட் ஒரு மேசையில் உட்கார்ந்தார், கிராடுஸ் வேறு மேசையில். இருவரும் பேசவில்லை. ஆனால் கிராடுஸ் கடைசி ஆள் வெளியேறும் வரைக்கும் கிளம்பவுமில்லை.

மறுவாரம், அடக்கத்துக்கு அவளிடம் இரவல் வாங்கிய காப்பிக் கோப்பைகளைத் திருப்பிக் கொடுக்கப் பெரெண்ட் வந்தார். கேட்காமலிருக்க மார்காவால் முடியவில்லை.

"கிராடுஸக் கூப்பிட்டது தப்புங்களா?"

அவர் கோப்பைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். "பெட்டி நேராத்தான் போச்சு," என்றார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் பலரிடம் கேட்டுப் பார்த்தாள். நன்றி என்றாள் ஒருத்தி. மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் என்றார் இன்னொருவர். பெட்டி நேராகப் போனது என்றுதான் அர்த்தம் என்றார் கிராடுஸ். அவரும் பெரெண்டும் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை.

மார்ச் மாதம், மார்கா தோட்டத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தபோது பெரெண்ட் வேலியருகே வந்து நின்றார்.

"எதிர் வீட்டம்மா, ஒண்ணு கேக்கணும். உங்களைப் புதைக்கணுமா, எரிக்கணுமா?"

கையிலிருந்த மண்வெட்டி நழுவியது. "எனக்கு ஒண்ணும் இல்லையே, நல்லாத்தானே இருக்கேன்?"

"இருங்க, இருங்க. ஆனா உங்களுக்கு முதல் வீடு நான்தானே. தெரிஞ்சிருக்கணும்ல."

கட்டின கணவர் கேட்டதில்லை. பெற்ற மகன் கேட்டதில்லை. அவளே கூடத் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை.

"யோசிச்சதே இல்லையே," என்றாள்.

"அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லுங்க," என்று பெரெண்ட் தன் மாடுகளைப் பார்க்கப் போனார். மார்கா மண்வெட்டியை எடுக்காமல் அங்கேயே நின்றாள். பாத்தியில் எந்தப் பக்கம் உருளைக்கிழங்கு, எந்தப் பக்கம் வெங்காயம் என்று போட்டிருந்த கணக்கெல்லாம் மறந்துபோயிருந்தது.