பக்கத்து வேலிக் காவலர்

புல்லை ஆராய வந்த வெள்ளைக்காரத் துரை, தோட்டவெளிக் கிராமத்துக்கு அப்பால் இரண்டு துண்டு நிலத்தை முள்ளுக்கம்பியால் அடைத்தார். ஆடு, மாடு, கழுதை வாய் வைக்காவிட்டால் அங்கே என்ன முளைக்கும் என்று அவர் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு நான் காவல். மற்றதற்கு வங்காலையிலிருந்து வந்த ஒருவர்.

நெட்டை மனிதர். கழுத்தில் செபமாலை, வாயில் எந்நேரமும் ஒரு புல். கழுதைகளோடுகூட மரியாதையாகத்தான் கதைப்பார். "அங்கால போங்கோ பிள்ளையள்" என்றால் அதுகளும் போகும். நான் கல்லெறிந்தே கை நொந்தவன்.

மாரி முடிந்தபோது என் வேலிக்குள் கோரை முற்றிக் காய்ந்து நின்றது. அவருடையதில் பச்சைப் பாய் விரித்ததுபோல அறுகு. துரை அவர் தோளில் தட்டினார்; என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அன்றே அவர் வேலிக்குள் கழுதை விட்டை கிடப்பதைக் கண்டேன்.

"வேலிப் படலையைத் திறந்து விட்டனீரோ?"

"ஓம். கம்பியில தலையை வைச்சு உள்ளுக்கை பார்த்துக்கொண்டு நிண்டதுகள். மனம் கேக்கேல்லை. துரையிட்டச் சொல்லப் போறீரோ?"

சொல்லத்தான் போனேன். துரை சிரித்தார். கழுதை நுழைந்த இடத்தில் புல் எப்படி மிஞ்சும் என்று என்னிடமே கேட்டார்.

கழுதை மேய்ந்து விட்டை போட்டதால்தான் அங்கே அறுகு தழைத்தது என்று எண்ணி, அடுத்த மாரியில் நானும் படலையைத் திறந்து வைத்தேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வாங்கோ பிள்ளையள்" என்றும் கூப்பிட்டேன். கழுதைகள் நின்று என் கையைப் பார்த்தன. பிறகு திரும்பி அவருடைய வேலியை நோக்கி நடந்தன.