பிலோமினாவின் குரல்

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் தனியாக இருந்தார் பிலோமினா. கணவர் இறந்து ஆறு வருஷமாகிறது. மகன் பெர்த்தில் இருக்கிறான். மூன்று வருஷமாக மாத்திரை சாப்பிட்டும் அவருக்குக் கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. ஓயாத களைப்பையும் உடம்பு குளிர்வதையும் வயசின் மேல் போட்டுவிட்டார்.

கிளினிக்கிற்குப் புதிதாக வந்த டாக்டர் மாதவி, "குரல் எப்பலேருந்து இப்படிக் கரகரன்னு இருக்கு, ஆன்டி?" என்று கேட்டார்.

"தெரியலையே டாக்டர். வீட்ல பேச ஆள் இல்லலா."

இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது.

"இது கொறஞ்சா குரல் கரகரக்கும், களைப்பா இருக்கும், கொலஸ்ட்ராலும் ஏறும், ஆன்டி. முதல்ல இதைச் சரிபண்ணுவோம்."

தைராய்டு மாத்திரை தொடங்கிய நான்காம் மாதம் கொலஸ்ட்ரால் நன்றாகவே இறங்கியிருந்தது. மகனைப் போனில் கூப்பிட்டார், அவன் எடுக்கவில்லை. விஷயத்தைப் பேசிக் குரல் பதிவாக அனுப்பினார். பிறகு, குரல் தெளிந்துவிட்டதா என்று அதைத் தானே போட்டுக் கேட்டார். தெளிவாகத்தான் இருந்தது.