ஒரே அறையில் விழுந்த பெயர்கள்

நஸீமா மாரடைப்பில் காலமாகிவிட்டார் என்று கொல்லங்கோட்டிலிருந்து அவர் தம்பி அழைத்துச் சொன்னார். தெரியாத எண். நான் நம்பவில்லை. அவர்கள் குடும்பத்து ஜவுளிக்கடை எண்ணுக்கு நானே அழைத்துப் பார்த்தேன். அதே குரல்தான் எடுத்தது.

கம்பம்மெட்டில் ஏலக்காயை இணையத்தில் ஏலம் விடும் சிறு நிறுவனத்தில் நஸீமாவும் நானும் கணினி நிரல் எழுதினோம். ஒரு ஏலத்தின் நடுவே சர்வர் உறைந்துவிட்டது. வெளியூர் வியாபாரிகளால் விலை கேட்க முடியவில்லை. ஏலக்கூடத்தில் நேரில் இருந்த சிலர் வாய்மொழியாகக் கேட்டு அடிமாட்டு விலைக்குச் சரக்கை எடுத்தார்கள். நட்டப்பட்ட ஏலத்தோட்டக்காரர்கள் நியாயம் கேட்டு அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். மழையில் நெட் போய்விட்டது என்று முதலாளி சமாளித்தார்.

"நெட்டு போகலீங்க. வெளிய இருந்து சர்வருக்கு வந்த கோரிக்கை கொஞ்சந்தான். அதுக்கே எதுக்கு இப்படித் திணறுது?" என்றார் நஸீமா. பிறகு என்னிடம் திரும்பினார். "ஏனுங்க, உங்க மெஷினைப் பார்க்கோணும். உங்களையுந்தான் சந்தேகப்படறேன், கோவிச்சுக்காதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. என்னுடையதைப் பார்த்து முடித்ததும், தன் கணினியை என் பக்கம் நகர்த்தி, "இப்ப என்னுதைப் பாருங்க" என்றார்.

காரணம் வெளியிலிருந்து வந்த ஒரே கோரிக்கையில் இருந்தது. அதில் பொருளற்ற பெயர்கள் ஏராளம். நாங்கள் பயன்படுத்திய நிரல்மொழியில் பெயர்களைச் சேமிக்கும் ஹேஷ் டேபிள் என்ற அட்டவணை, ஒவ்வொரு பெயரையும் ஒரு கணக்குப் போட்டு ஏதாவது ஓர் அறையில் வைக்கும். அந்தக் கணக்கு ஊரறிந்தது; எந்தப் பெயர் எந்த அறைக்குப் போகும் என்று யாரும் முன்கூட்டியே பார்த்துவிடலாம். இந்தப் பெயர்களோ எல்லாம் ஒரே அறையில் போய் விழுந்தன. புதிதாக வரும் ஒவ்வொன்றையும் முன்பு விழுந்த அத்தனையோடும் ஒப்பிட்டே சர்வர் மூச்சு முட்டியிருந்தது.

"இது தானா அமையாதுங்க. ஆரோ உக்காந்து பொறுக்கியிருக்காங்க" என்றார் நஸீமா.

அந்த நிரல்மொழியைப் பராமரிப்பவர்களுக்கு அவர் எழுதினார். வீண் பயம் என்று பதில் வந்தது. அவர்கள் கண்ணெதிரே சோதனை சர்வர் ஒன்றை அதே பெயர்களால் உறைய வைத்துக் காட்டினார். அதன்பின், நிரல் ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஒரு ரகசிய எண்ணைக் கணக்கில் கலக்கும்படி மாற்றினார்கள். எங்களுக்கு நிம்மதி. அவருக்கு இல்லை. சர்வரின் பதிலில் பெயர்கள் திரும்பிவரும் வரிசையிலிருந்தே அந்த எண்ணை ஊகித்துவிடலாம் என்று நிரூபித்தார். கணக்கையே வலுவானதாக மாற்ற வைத்த பிறகுதான் விட்டார்.

செய்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்று மலிவாக வாங்கிய ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லும்படி முதலாளி நஸீமாவை நெருக்கினார்.

"சந்தேகப்படறது எம்பட வேலைங்க. பழி போடறது இல்லீங்க" என்று நஸீமா எழுந்து போய்விட்டார்.

இப்போது அந்தச் சந்தேகப்படும் வேலை எனக்கு வந்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் எதையும் நான் நம்புவதில்லை. ஆனால் ஒரு மனிதரின் பெயர் நாக்கு நுனிக்கு வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன். நஸீமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.