கோழியும் இரண்டு கண்களும்

பொலிவியாவின் அந்தச் சந்தையில் பத்தொன்பது வருஷமாக ஹிலாரியோன்தான் தராசு சோதிக்கிறவர். அவர் முத்திரை குத்தினால்தான் கடை போடலாம். ஒரு முட்டைகூட அவர் கைநீட்டி வாங்கினதில்லை. ஆனால் முகத்தில் அடித்தாற்போல் பேச வராத மனுஷன். "வேண்டாம் தாயி, மனசு கோணாதே" என்று கெஞ்சிக் கெஞ்சியே அரைநாள் போய்விடும்.

ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டே வருஷம். அப்போதுதான் தலைநகரத்திலிருந்து ஒரு சுவரொட்டி வந்தது. எழுத்து எதுவும் இல்லை, பெரிதாக இரண்டு கண்கள் மட்டும். கூடவே கடிதம்: "யாரோ பார்க்கிறார்கள் என்று தோன்றினால் கொடுக்கவும் வாங்கவும் கூச்சம் வரும். மேஜைக்கு மேலே மாட்டவும். மேஜையில் அன்பளிப்பு ஏதும் இருந்தால் வேலை போகும்."

மாட்டினார். மறுநாள் காலையில் பாலாடைக்கட்டி விற்கிற நிக்கோலாசா அதன் முன்னால் முழந்தாளிட்டுக் கிடந்தாள்.

"லூசியா அம்மா! எங்க சந்தைக்கே வந்துட்டியா!"

தன் கண்களைத் தட்டில் ஏந்தி நிற்கிற, கண்பார்வையைக் காக்கிற புனித லூசியாளை அறியாதவர் அங்கே உண்டா? மூன்றாம் நாளுக்குள் மேஜை நிறைய மெழுகுவர்த்தி, பூ, முட்டை. சாயங்காலம் கன்னியாஸ்திரிகள் வந்து முதியோர் இல்லத்துக்கு எடுத்துப் போவார்கள். விடிந்தால் மறுபடி குவிந்துவிடும்.

"எடுங்கம்மா, என் வேலை போயிடும்!"

"அம்மாவுக்கு வச்சதை எடுத்தா எங்க கண்ணு போயிடும். வேலை பெருசா, கண்ணு பெருசா?"

ஹிலாரியோனுக்கும் அதில் பயம்தான். ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை மேற்பார்வைக்கு மாரிக்ரூஸ் என்கிற இளம் அதிகாரி வந்து இறங்கினாள். மேஜைமேல் கால் கட்டின கோழி ஒன்று அவளை ஏறிட்டுப் பார்த்தது.

"இது என்னங்க?"

"கோழிங்கம்மா."

"அது தெரியுது. யாருக்கு?"

"சுவத்துல இருக்கிறவங்களுக்கு."

அவள் பேனாவைத் திறந்தாள்.

நிக்கோலாசா பாய்ந்து வந்தாள். "எழுதாதே மகளே! இந்த மனுஷனுக்கு வருஷக்கணக்கா கோழி நீட்டிப் பார்த்தாச்சு, தொடமாட்டார். இது என் பரிகாரம்."

"எதுக்குப் பரிகாரம்?"

"தராசுத் தட்டுக்கு அடியில மெழுகு ஒட்டி வச்சிருந்தேன். அந்தக் கண்ணு பார்த்தது, தூக்கமே வரலை. சுரண்டிட்டேன்."

ஹிலாரியோன் எழுந்தே விட்டார். "அடிப்பாவி! அது வருஷா வருஷம் நான் பார்த்த தராசு!"

"நீ எங்கப்பா பார்த்தே? கோழிய நீட்டினா வேண்டாம் வேண்டாம்னு அதையே பார்த்துக்கிட்டிருப்பே. முடிச்சதும் களைச்சுப்போய் முத்திரை குத்திடுவே. அதுக்குத்தானே நீட்டினோம்!"

சுற்றி நின்ற பெண்கள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஹிலாரியோன் காது சிவக்க உட்கார்ந்தார்.

மாரிக்ரூஸ் எடைக்கல்லை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனாள். நாற்பத்தோரு தராசு. ஒன்றுகூட ஒரு கிராம் தப்பவில்லை. திரும்பி வந்து எழுதினாள்: "கண்கள் வேலை செய்கின்றன. ஹிலாரியோன் தொடரலாம். இனிமேல் அவர் கோழியைப் பார்க்காமல் தராசைப் பார்க்க வேண்டும்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

கிளம்பினவள் வாசல்வரை போய் நின்றாள். சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வந்து, முந்தின ஊர் அலுவலகத்தில் தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்த தேன் ஜாடியைப் பையிலிருந்து எடுத்துக் கோழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பஸ் ஏறினாள்.