எடையைக் குறைத்தோம், மாமியாரை ஏற்றினோம்

போன ஞாயிற்றுக்கிழமை நான் கார் ரேஸில் கலந்துகொண்டேன்.

சிரிக்காதீர்கள். சைக்கிளில் டபுள்ஸ் போனாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆசாமி நான் என்பது வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கலந்துகொண்டேன் — முன் சீட்டில், மச்சானுக்கும் மாமனாருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு.

விஷயம் இதுதான். என் மனைவியின் தம்பி செல்வம் காட்டுமன்னார்கோயிலில் அப்பாவோடு ரைஸ் மில்லைப் பார்த்துக்கொள்கிறான். தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பழைய ஃபியட் காரை வாங்கி ஓட்டி வந்துவிட்டான். அன்றிலிருந்து வீட்டில் தினமும் கச்சேரிதான்.

"டவுன் பஸ்காரன் வாசல்லயே நிறுத்தி ஏத்திக்கிட்டுப் போறான். இவருக்குக் காரு கேக்குதோ?" என்பார் மாமனார். செல்வத்துக்கோ அந்தக் கார் மேல் அப்படி ஒரு பிரியம். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் துடைப்பான். தூறல் விழுந்தால் கட்டியிருக்கிற வேட்டியை அவிழ்த்துப் போர்த்திவிடுவானோ என்று எனக்கே பயமாக இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் காதர் வந்தார். செல்வத்தின் சிநேகிதர், பரங்கிப்பேட்டைக்காரர். பினாங்கில் சில வருஷம் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் மோட்டார் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். உளுந்தூர்பேட்டை பக்கம் யுத்த காலத்தில் போட்ட விமானத் தளம் ஒன்று சும்மா கிடக்கிறதே, அங்கே மெட்ராஸ் ஆட்கள் சிலர் ரேஸ் வைக்கிறார்கள் என்று செய்தி கொண்டுவந்தார். வளைவு கிடையாது, நெளிவு கிடையாது. கால் மைல் நேர்ப் பாதை. இரண்டு இரண்டு காராக நிறுத்திக் கொடியை இறக்குவார்கள். முதலில் போய்ச் சேருகிற கார் ஜெயித்தது. தோற்ற கார் அதோடு அவுட். தினமும் ரோட்டில் ஓடுகிற சாதாரணக் கார்களும் வரலாமாம்.

மாமனார் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"காரு காருன்னு குதிக்கிறியே, அங்க போயி ஒரே ஒரு காரையாவது ஜெயிச்சுக் காட்டு. வீட்டோட வெச்சுக்க. தோத்துட்டா திங்கக்கிழமை வித்துடணும். சரியா?"

"சரிப்பா" என்று ரோஷமாகச் சொல்லிவிட்டான் செல்வம்.

சனிக்கிழமையே நானும் என் மனைவியும் சிதம்பரத்திலிருந்து போய்விட்டோம். அங்கே போனால்... காதர் காரை ஏறக்குறைய உரித்துக்கொண்டிருந்தார்!

"வெயிட்டு ஜாஸ்தி மச்சான். கொறைச்சாத்தான் ஓடும்" என்று ஸ்டெப்னி சக்கரத்தைக் கழற்றினார். ஜாக்கியை எடுத்தார். கால் மிதியை உருவினார். மேலே இருந்த கேரியரைப் பிரித்தார். ஆஷ் ட்ரேயைக்கூட விடவில்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பிள்ளையாரிடம் வந்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவுரு இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை. ஒரு கார் வெளியூர் கிளம்புகிறது. அதில் இடம் இருக்கிறது. நம் குடும்பங்களில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

மாமியார் அடுக்கு கேரியரில் புளிசாதத்தோடும் கூஜாவில் தண்ணீரோடும் வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். செல்வத்தின் மனைவி வசந்தா பட்டுப் புடவையில் வந்தாள். என் மனைவி வாழை இலைக் கட்டோடு வந்தாள். மாமனார் ஏற்கெனவே முன் சீட்டில் இருந்தார், அவர்தானே நீதிபதி? காதர் எங்களையும் பார்த்தார், மூலையில் குவிந்து கிடந்த சாமான்களையும் பார்த்தார்.

"இதுக்கா மச்சான் நான் அந்த ஆஷ் ட்ரேயக் கழட்டினேன்?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டுவிட்டுப் பின் சீட்டு ஓரத்தில் ஒடுங்கினார்.

கம்மாபுரம் தாண்டி, விருத்தாசலம் தாண்டி, மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். அகலமான பாதை, கண் கூசுகிற வெயில். ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர்கள் கார்களை நிறுத்தி வைத்துக்கொண்டே உறும வைத்தார்கள்.

எங்களுக்கு ஜோடியாக வாய்த்தவர் கடலூர் சேவியர். கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவர், காலையில் சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார். புத்தம் புது ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். எங்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்:

"கல்யாணத்துக்குப் போற வழியில வந்தீங்களா?"

கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் சங்கடமாக இருந்தது.

கொடி பிடிக்கிறவர் வந்தார். "டிரைவர் மட்டும் இருந்தாப் போதுங்க. மத்தவங்க எறங்கிக்கலாம்."

"நான் உள்ளார இருந்துதான் பாப்பேன். இல்லன்னா இவன் வந்து என்ன வேணா சொல்லுவான்" என்றார் மாமனார்.

"அவுங்க போறப்ப நான் மட்டும் இங்க எதுக்கு?" என்றார் மாமியார்.

"இந்த வெயில்ல எங்கள நிக்க வெச்சுட்டுப் போவீங்களா?" என்றாள் என் மனைவி. மாமனாரைத் தாண்டி நான் கதவுப் பக்கம் லேசாக நகர்ந்ததைப் பார்த்துவிட்டு, "நீங்க எங்க போறீங்க?" என்றாள். நான் எங்கும் போகவில்லை.

கொடிக்காரர் திகைத்துப் போனார். மெட்ராஸில் யாரும் மாமியாரோடு ரேஸுக்கு வருவதில்லை போலிருக்கிறது. கடைசியில் சரியென்று தலையை ஆட்டிவிட்டார். காதர் மட்டும் இறங்கிக்கொண்டார். "என்னால கொறைக்க முடிஞ்சது இவ்ளோதான் மச்சான்."

கொடி இறங்கியது. ஹெரால்டு பாய்ந்தது. எங்கள் வண்டி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு... கிளம்பியது!

முதல் கியர். இரண்டாவது கியர். செல்வம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். முன்னால் போகிற சேவியரைப் பார்த்து ஹாரன் வேறு அடித்தான். ஓரம் கட்டி வழி விடுவார் என்று நினைத்தானோ என்னவோ, பழக்க தோஷம். கொஞ்சம் கொஞ்சமாக வேகம் பிடித்தது. ஹெரால்டு பக்கத்தில் வருகிற மாதிரிகூட இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்:

"டேய் செல்வம்! மெதுவாப் போடா!"

மாமியார்தான். செல்வத்தின் கால் தானாக மேலே வந்துவிட்டது. பெற்றவள் அதட்டினால் அந்தக் கால் அப்படித்தான்.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு கையால் கதவையும் மறு கையால் என் தொடையையும் பிடித்துக்கொண்டிருந்த மாமனார் கத்தினார்:

"ஏன்டா கால எடுத்த? அழுத்துடா! அவன் போறான் பாரு, அழுத்துடா!"

அவர் தோளில் இருந்த துண்டு ஜன்னல் வழியாகப் பறந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

அழுத்தினான். என்ன பிரயோஜனம்? நாங்கள் கோட்டைத் தாண்டியபோது சேவியர் காரை விட்டு இறங்கிக் கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்.

செல்வம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். கண்ணில் தண்ணீர். அந்தக் காரை அதிகமாகக் கேலி செய்தவன் நான்தான், எனக்கே பாவமாக இருந்தது. மாமனார் மகனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேவியரிடம் போனார்.

"தம்பி, உங்க வண்டியில எத்தன பேரு வந்தீங்க?"

"நான் ஒருத்தன்தாங்க."

"எங்க வண்டியில ஆறு பேரு. ஒரு மூட்ட ஏத்துன வண்டி முன்னால வர்றது பெரிய விஷயமா? ஆறு மூட்ட ஏத்திக்கிட்டு இந்த வண்டி உங்க பின்னாலயே வந்துச்சு. நீங்களே சொல்லுங்க, எது நல்ல வண்டி?"

சேவியர் நல்ல மனுஷர். செல்வத்தைப் பார்த்தார், பின் சீட்டில் இருந்த பெண்களைப் பார்த்தார். "உங்க வண்டிதாங்க" என்றார்.

"கேட்டியாடா? அவுரே ஒத்துக்கிட்டாரு. நாம ஜெயிச்சாச்சு!"

பந்தயத்தில் ஜெயிக்க வேகம் வேண்டும் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்? வேண்டாம். தீர்ப்புச் சொல்கிறவர் உள்ளே உட்கார்ந்து வந்தால் போதும். அவர் மனசை மாற்றியது மகனின் முகமா, கால் மைல் காற்றா என்று மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கார் நிழலில் இலை போட்டுச் சேவியருக்கும் புளிசாதம் பரிமாறினார் மாமியார். காதர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். செல்வத்துக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. கை கழுவிவிட்டு ஓடிப் போய்க் கார் கதவைத் திறந்தான்.

"சாவிய இப்படிக் குடு" என்றார் மாமனார்.

அவன் முகம் செத்துப் போனது. "அப்பா... நீங்கதான ஜெயிச்சாச்சுன்னு சொன்னீங்க?"

"ஜெயிச்சாச்சுதான். யாரு இல்லன்னது?" என்றபடி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கீழே குனிந்து பார்த்தார். "இதுல அழுத்துறது எதுடா?"

கார் வீட்டோடு தங்கிவிட்டது. செல்வம்தான் இப்போது பின் சீட்டில் இருக்கிறான்.