கண்ணுக்குள் மின்னிய கோடு

கோவில்பட்டியில் மினி பஸ் ஓட்டுகிறேன். சில மாதங்களாகத் திடீரென்று கண்ணுக்குள் ரம்பப் பல் போல ஓர் ஒளிக்கோடு மின்னி விரியும். எதிரே நிற்பவர் முகம் பாதிதான் தெரியும். அது மறைந்ததும் மண்டை பிளக்கும். பார்வை போய்விடும், பிழைப்பும் போய்விடும் என்று பயந்து மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் இடைசெவல் பக்கம் ஓட்டும்போதே வந்தது. பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டேன். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணையெல்லாம் சோதித்த டாக்டரம்மா, "என்ன தெரியுதுன்னு விரலால வரஞ்சு காட்டுங்க" என்றார். காற்றில் வளைத்து வளைத்து வரைந்தேன். மீதிக் கோட்டை அவரே வரைந்து முடித்தார்.

"எனக்கும் இப்படித்தான் வரும், அண்ணாச்சி. இது ஒத்தத் தலைவலி. கண்ணு போவாது. மாத்திரை தாரேன். கோடு தெரிஞ்சா மட்டும் வண்டிய நிறுத்திருங்க."

அங்கேயே அழுதுவிட்டேன். எனக்கு மட்டும் என்று நினைத்தது இன்னொருவருக்கும் உண்டு என்பதே பாதி மருந்தாக இருந்தது.