சாலோமி டீச்சர் இட்ட புள்ளிகள்

சாலோமி டீச்சர் முப்பத்தொரு ஆண்டுகள் பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்தியவர். இரக்கப்பட்டு அரை மதிப்பெண்கூடக் கூட்டிப் போடாதவர் என்று மாணவியரிடையே பெயர். விடைத்தாளோடு வந்து கெஞ்சும் பிள்ளைகளிடம், "தாளக் காட்டு, மூஞ்சியக் காட்டாத" என்பார். அப்படிப்பட்டவர், ஓய்வுபெற்ற இரண்டாம் ஆண்டில், எண்பத்தொரு நாள்கள் பொய்க் கணக்குப் போட்டார். தம் கணவருக்காகப் போட்டார்.

கணவர் கிங்ஸ்லி உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். அறுபது வயது. ஊருக்கு வெளியே, குன்றின் அடிவாரத்தில் உள்ள துப்பாக்கி சுடும் கழகத்தில் இருபது ஆண்டுகளாக உறுப்பினர். கைத்துப்பாக்கியால் இருபத்தைந்து மீட்டர் தொலைவிலுள்ள இலக்கு அட்டையைச் சுடுவது அவருடைய போட்டி. மொத்தம் அறுபது குண்டுகள், அறுநூறு புள்ளிகள். மாநிலப் போட்டியில் ஐந்நூற்று நாற்பது எடுத்தால் மூத்தோர் பிரிவில் தேசியப் போட்டிக்குப் போகலாம். நான்கு முறை முயன்றார். நான்காம் முறை ஐந்நூற்று முப்பத்தேழில் நின்றது. இந்த ஆண்டு விடுவதில்லை என்று வீட்டு நாட்காட்டியில் நவம்பர் பத்தாம் தேதியைச் சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தார்.

போட்டிக்கு உரியது 'முப்பத்திரண்டு' எனப்படும் பெரிய தோட்டா. துப்பாக்கியின் ஊசி அதன் அடிப்பகுதியில் நட்டநடுவே அடிக்கும். அத்தோட்டா எளிதில் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு இத்தனை என்று உரிமத்தில் எழுதியிருப்பதற்கு மேல் வாங்கவும் முடியாது. ஆகவே, தினசரிப் பயிற்சிக்கென்று கிங்ஸ்லி ஒரு கிட் வைத்திருந்தார். துப்பாக்கியின் பிடியும் விசையும் அப்படியே இருக்கும். மேலுள்ள குழலையும் தோட்டாக்கூட்டையும் கழற்றிவிட்டுக் கிட்டில் உள்ளவற்றை மாட்டினால், 'இருபத்திரண்டு' என்னும் சிறிய தோட்டாவைச் சுடலாம். அதில் ஊசி அடிப்பது நடுவில் அன்று, விளிம்பில். பிடியும் விசையும் மாறாததால் கைப்பழக்கம் கெடாது. ஒரே வேறுபாடு உதை. முப்பத்திரண்டு சுட்டதும் துப்பாக்கி கையைப் பின்னுக்கு உதைக்கும்; இருபத்திரண்டில் அந்த உதை இருப்பதே தெரியாது. எனவே போட்டிக்கு இரண்டு வாரம் முன்பாகக் கிட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பெரிய தோட்டாவுக்கு மாறிவிடுவது கழகத்தார் எல்லாரும் கைக்கொள்ளும் ஒழுங்கு.

கழகத்துக்கு உடன் போய்ப் புள்ளி எண்ணுவது சாலோமியின் வேலை. அட்டையில் ஒன்றுமுதல் பத்துவரை எண்ணிட்ட வளையங்கள் இருக்கும். குண்டு துளைத்த ஓட்டை, வளையக் கோட்டைத் தொட்டால் மேல் எண், தொடாவிட்டால் கீழ் எண். ஐயமுள்ள ஓட்டையில் 'கேஜ்' என்னும் சிறு உலோகக் குச்சியைச் செருகி, அதன் வட்ட விளிம்பு கோட்டைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். சிறிய தோட்டாவுக்குச் சிறிய கேஜ். பெரிய தோட்டாவுக்கு அதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் அகலமான கேஜ்.

ஆகஸ்டு இருபத்தொன்றாம் தேதி சாலோமி தனியே மருத்துவமனைக்குப் போனார். சில மாதங்களாகக் கிங்ஸ்லிக்குச் சட்டைப் பொத்தான் மாட்டக் கை வரவில்லை. வயதாகிவிட்டது என்று அவர் சிரித்துக்கொண்டார். சாலோமிதான் பிடிவாதமாக நரம்புச் சோதனைக்கு அழைத்துப்போனார். முடிவை வாங்கவேண்டிய நாளில் கிங்ஸ்லிக்குக் கழகத்தில் கூட்டம்.

நரம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தசைகளைக் கைவிட்டுக்கொண்டே வரும் நோய் என்றார் மருத்துவர். வலக்கையில் தொடங்கியிருக்கிறது, மற்றக் கைக்கும் கால்களுக்கும் போகும், கடைசியில் மூச்சுக்கும் போகும். திருப்பிக் கொண்டுவரும் மருந்து இல்லை.

"சார்ட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்லுதியளா?"

"நானே சொல்லிக்கிடுதேன்" என்றார் சாலோமி.

வீட்டுக்கு வந்தபோது கிங்ஸ்லி மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, கிட்டின் குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்லுதான் டாக்டர்? இன்னும் நூறு வருசம் இருப்பேனாமா?" என்று தலை நிமிராமலே கேட்டார்.

"வைட்டமின் பத்தலையாம்."

"அவ்வளவுதான? நான் சொன்னேம்லா!"

போட்டி முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று சாலோமி நினைத்துக்கொண்டார். தீய எண்ணம் எதுவும் அவரிடம் இல்லை.

அடுத்த வாரமே புள்ளிகள் இறங்கத் தொடங்கின. கிட்டில் உதை இல்லாததால் மெலிந்துவரும் கையின் குறை பாதிதான் வெளியே தெரிந்தது. மீதியைச் சாலோமி மறைத்தார். ஒரு நாள் காலை, சிறிய தோட்டா துளைத்த ஓட்டைகளில் பெரிய கேஜைச் செருகினார். கோட்டுக்கு வெளியே மயிரிழையில் நின்றவையெல்லாம் கோட்டைத் தொட்டன. ஐந்நூற்று முப்பத்து நான்கு, ஐந்நூற்று நாற்பது ஆயிற்று.

கழகத்தின் துப்பாக்கிப் பழுது பார்ப்பவர் மணிராஜ் அதைப் பார்த்துவிட்டார்.

"டீச்சர், அது முப்பத்திரண்டு கேஜுல்லா. மாத்தி எடுத்துட்டியளோ?"

"மாத்தி எடுக்கல, மணிராஜ்."

மணிராஜ் அவர் முகத்தைப் பார்த்தார். அங்கே கிங்ஸ்லி பெஞ்சில் அமர்ந்து தோட்டாக்கூட்டில் அடுத்த ஐந்து குண்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒன்று விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுத்தார்; மறுபடியும் நழுவிற்று. மணிராஜ் சிறிய கேஜை எடுத்துத் தம் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பைய நகர்ந்துவிட்டார்.

"எவ்வளவுட்டி?" என்று கிங்ஸ்லி குரல் கொடுத்தார்.

"ஐநூத்தி நாப்பது."

"ஏலே மணிராஜ், கேட்டியா? நாப்பது! கிழவன் செத்துட்டாம்னு நெனச்சியளோ வே?"

செப்டம்பர் ஒன்பதாம் தேதி மகள் ஸ்டெபிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து தாய்வீடு வந்திருந்தாள். பிள்ளைக்கு ஹெப்ரான் என்று பெயரிட்டார்கள். கிங்ஸ்லி நாள் முழுவதும் தொட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இடக்கைச் சுட்டுவிரலால் பிள்ளையின் உள்ளங்காலைத் தொடுவார். தூக்கமாட்டார். போட்டி நெருங்கும் காலத்தில் சுடும் கையால் பாரம் தூக்கலாகாது என்பது அவர் ஆண்டுதோறும் காத்துவந்த நியமம். தண்ணீர்க் குடமும் காய்கறிப் பையும் எப்படி விலக்கோ, அப்படியே பேரனும் விலக்கானான்.

"அப்பா, இவனக் கொஞ்சம் பிடிங்க. பல்லு தேச்சிட்டு வாரேன்" என்பாள் ஸ்டெபி.

"மேட்ச் முடியட்டும்மா. அப்புறம் ராவும் பகலும் நாந்தான் தூக்குவேன். நீ கேட்டாலும் தரமாட்டேன்."

"மூணு கிலோ பிள்ளையத் தூக்குனா கை ஒடிஞ்சிருமாக்கும்!"

"உனக்கு மூணு கிலோ. எனக்கு ஒவ்வொரு கிராமும் டார்கெட்ல தெரியும்."

சாலோமி வெந்நீர்ப் பாத்திரத்தோடு வாசலில் நின்றார். அந்தக் கை அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கும். தோளுக்கு மேலேகூடத் தூக்கும். நவம்பரில் தூக்குமா என்பது அவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

"ஒரு நிமிசம் சும்மா தூக்குங்களேன். ஒண்ணும் ஆயிராது" என்றார்.

"ஏட்டி, நீயா இதச் சொல்லுத? போன வருசம் வாளியத் தூக்குனதாலதான் மூணு பாயிண்ட் போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னது நீதான?"

சொன்னது அவர்தான். அந்த நேரத்தில் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஸ்டெபி பச்சை உடம்புக்காரி, அவள் எதிரில் வேண்டாம் என்று ஒரு காரணம் கிடைத்தது. மறுநாள் வேறொரு காரணம் கிடைத்தது.

அக்டோபர் கடைசியில், "கிட்டக் கழட்டிருவமா? முப்பத்திரண்டு அடிச்சு நாளாச்சு" என்றார் கிங்ஸ்லி.

"எண்பது தோட்டாதான் இருக்கு. சோதனைக் குண்டும் சேத்து மேட்சுக்கே எழுபது வேணும். கிட்லயே அடிங்க."

மணிராஜிடம் புதிதாக இரண்டு பெட்டி வந்திருந்தது சாலோமிக்குத் தெரியும். பெரிய தோட்டாவின் உதை ஒரே காலையில் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதும் தெரியும். கணக்கு டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கிங்ஸ்லி கிட்டைக் கழற்றவில்லை.

நாகர்கோவில் பக்கத்தில் போட்டி. பத்தாம் தேதி விடியலிலேயே இருவரும் பேருந்தில் போய்ச் சேர்ந்தார்கள். பார்வையாளர் வரிசையில் சாலோமி அமர்ந்தார். முதற்பாதியில் ஐந்து நிமிடத்துக்கு ஐந்து குண்டுகள். கிங்ஸ்லியின் முதல் குண்டு வெடித்ததும் துப்பாக்கி அவர் பிடிக்குள் புரண்டது. அவர் அதைத் திருத்திப் பிடித்தார். இரண்டாம் குண்டுக்கும் புரண்டது. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் இடக்கையால் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிடியின்மேல் வைத்துக்கொண்டார். முப்பது குண்டுகள் முடிய, கறுப்பு வட்டத்துக்குள் பாதிகூட இல்லை.

பிற்பாதியில் கையைத் தாழ்த்தி வைத்திருக்க வேண்டும். இலக்கு அட்டை மூன்று விநாடி முகம் காட்டும். அதற்குள் கையை உயர்த்திச் சுட வேண்டும். முதல் முறை சுட்டார். இரண்டாம் முறை கை பாதி உயர்ந்தபோது அட்டை திரும்பிக்கொண்டது. மூன்றாம் முறை கை எழவே இல்லை. தோள்மட்டும் எழுந்தது. கிங்ஸ்லி துப்பாக்கியை மேடையில் வைத்து, தோட்டாக்கூட்டை உருவி, முறைப்படி துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து காலி என்று காட்டி, இடக்கையை உயர்த்தி, விலகிக்கொள்வதாக நடுவரிடம் சொன்னார்.

திரும்பும் பேருந்தில் சன்னலோர இருக்கையில் இருந்தார். பிறகு அவராகவே காரணம் கண்டுபிடித்தார்.

"கிட்டுதான் கெடுத்துட்டு. உதை மறந்துபோச்சு. நாளையிலேர்ந்து முப்பத்திரண்டுலயே அடிக்கணும். நாப்பது அடிச்ச கைதான இது? எங்க போயிரும்?"

"நாப்பது இல்லங்க" என்றார் சாலோமி.

"என்னது?"

"முப்பத்தி நாலு. அப்புறம் முப்பது. போன வாரம் இருபத்தி ஒண்ணு. பெரிய கேஜப் போட்டு எண்ணினேன்."

கிங்ஸ்லி அவர் பக்கம் திரும்பினார். "நீயா?" என்றார். கோபம் இல்லை, நம்ப முடியாமை மட்டும் இருந்தது. "எதுக்கு?"

சாலோமி சொன்னார். மருத்துவர் சொன்னதை, சொன்ன வரிசையிலேயே, ஒன்றையும் விடாமல் சொன்னார். நடத்துநர் நாங்குநேரிக்குக் குரல் கொடுத்தார். நாலைந்து பேர் கூடைகளோடு இறங்கினார்கள். பேருந்து மறுபடி புறப்பட்டபின் கிங்ஸ்லி கேட்டார்:

"டாக்டர் என்னைக்குச் சொன்னாரு?"

"ஆகஸ்டு இருபத்தொண்ணு."

"பிள்ள பெறந்தது செப்டம்பர் ஒம்பது."

"ஆமா."

"அப்ப, மேட்ச் முடியட்டும் முடியட்டும்னு நான் சொன்ன அத்தன நாளும் உனக்குத் தெரியும்."

"தெரியும்."

பேருந்திலிருந்து இறங்கியதும் அவர் முன்னே நடந்துபோய் வீட்டுக் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்த ஸ்டெபி எத்தனை புள்ளி என்று கேட்கவில்லை. அப்பா முகத்திலேயே விடை இருந்தது. அவரைத் தேற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அவள் கையில் இருந்தது. "போனாப் போவுது விடுங்கப்பா. இனி உங்க பேரனத் தூக்கலாம்லா. இந்தாங்க, பிடிங்க" என்று பிள்ளையை நீட்டினாள்.

கிங்ஸ்லி இரு கைகளையும் நீட்டினார். இடக்கை பிள்ளையின் முதுகுக்கு அடியில் போயிற்று. வலக்கை இடுப்பளவு எழுந்து அங்கேயே நின்றது. விரல்கள் விரிந்தன, மடங்கவில்லை. பிள்ளையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"என்னப்பா, தூக்கப் பயமா?" என்று சிரித்தாள் ஸ்டெபி.

சாலோமி ஓரெட்டு முன்னே வந்து பிள்ளையின் தலைக்கடியில் கையைக் கொடுத்தார்.

"நீ தொடாத, சாலோமி" என்றார் கிங்ஸ்லி.

முப்பத்து நான்கு ஆண்டு இல்வாழ்க்கையில் அவர் அந்தக் குரலில் பேசியதில்லை. ஸ்டெபியின் சிரிப்பு நின்றது. அவள் அப்பாவையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் வலக்கையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையை விடாமல் தானும் ஒரு பக்கம் தாங்கியபடி அவரைப் பைய நாற்காலியில் உட்காரவைத்து, மடியில் கிடத்தினாள்.

சாலோமி தம் கையை எடுத்துக்கொண்டார்.